இருமல்காரம்மாவின் மூன்றாம் பகுதி

அந்த அம்மாள் பியானோவில் கைவைத்தால் கேட்பவர்களுக்கு இருமல் நின்றுவிடும். தற்காலிகமாக அடங்குவது இல்லை, அடியோடு போய்விடும். அந்தக் குளிர்காலம் முழுக்கத் திரும்பி வராது. முதல் கச்சேரியிலேயே இது நடந்தது, ஆனால் யாருக்கும் உறைக்கவில்லை. அவள் வாசிக்கும் சங்கீதத்தில் பெரிய உருப்படி என்றால் மூன்று பகுதி இருக்கும். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கைதட்டினால் மரியாதைக் குறைவு, இருமினால் குற்றமில்லை என்பது அரங்க வழக்கம். அதனால் அதுவரை அடக்கி வைத்ததை எல்லாம் ஜனங்கள் அப்போது கூட்டாக இருமித் தீர்ப்பார்கள். அவள் கச்சேரியில் மட்டும் இரண்டாம் பகுதி முடிந்த இடைவெளியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. மறுநாள் பத்திரிகை விமர்சகர், சபையே மெய்ம்மறந்து போனதாக எழுதினார். அவளும் நம்பினாள், பாவம். ஏழு வயதிலிருந்து விரல் வீங்க வீங்கச் சாதகம் செய்தவள், நம்பாமல் என்ன செய்வாள்?

குட்டை உடைத்தவர் அரங்கத்துக்கு எதிரே இருந்த மருந்துக்கடைக்காரர். அவள் போன ஊர்களில் எல்லாம் இருமல் மருந்து விற்காமல் தூசி படிந்து நிற்பதைக் கேள்விப்பட்டு, வயிற்றெரிச்சலில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். நடந்தது நேர்மாறு: கச்சேரிக்குக் கூட்டம் அலைமோதியது. டாக்டர்கள் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்: ஒரே ஒரு வேளை, சாப்பாட்டுக்குப் பின், முன்வரிசை. வறட்டு இருமலுக்கு முதல் பகுதியே போதும், நெஞ்சில் கட்டிய சளிக்கு இரண்டாம் பகுதியின் மெதுநடை வேண்டும் என்று அனுபவசாலிகள் புதியவர்களுக்கு விளக்கினார்கள். வெளியே காத்திருப்போர் பெருகவும் நிர்வாகம் விதி போட்டது. வாசல்காரர் நடுவழியில் நடந்தபடி காதைத் தீட்டிக் கேட்பார். இருமல் நின்றவரைத் தோளில் தட்டி வெளியே அனுப்புவார். உள்ளே ஒரு இருமலும் மிச்சமில்லை என்றதும் திரையை இறக்கிவிட்டு அடுத்த கூட்டத்தை விடுவார். அடுத்த கூட்டத்துக்கு மறுபடி முதல் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாம் பகுதியைத் தாண்டி எந்த இருமலும் தாக்குப்பிடிக்காததால், அதன்பின் மூன்றாம் பகுதியை அவள் மேடையில் வாசித்ததே இல்லை.

இப்படியே வருஷங்கள் ஓடின. கப்பல் ஏறினாள், மலை ஏறினாள், போன இடமெல்லாம் கூட்டம். நெஞ்சு மருத்துவர்கள் சங்கம் அவளுக்கு வெள்ளிக் கரண்டி ஒன்று பரிசளித்தது, மருந்து ஊற்றும் அளவுள்ளது. சின்னப் பிள்ளைகள்கூட அவளை இருமல்காரம்மா என்றே அழைத்தார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் பியானோக்காரம்மா என்று திருத்துவாள், யாரும் காதில் வாங்கியதில்லை. கட்டிக்கொண்ட புருஷனோ பூட்டுக்கடைக்காரர், தும்மல்கூட அறியாத இரும்பு உடம்பு. கச்சேரிதோறும் கூட வருவார். அவள் மேலங்கியை மடியில் வைத்துக்கொண்டு வெளிக்கூடத்தில் உட்கார்ந்து ஏதாவதொரு பூட்டைக் குடைந்துகொண்டிருப்பார்.

"ஒரு தடவையாவது உள்ள வந்து கேக்கக் கூடாதா?" என்பாள்.

"நல்லா இருக்கே! எனக்குத்தான் இருமலே கிடையாதே. நோயாளி உக்கார்ற எடத்துல நான் போய் உக்காந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்பார். அதில் அவருக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

தலை பாதி நரைத்த பிறகு ஒருநாள் காலை, அவள் வீட்டுப் பியானோவின் மூடியைச் சாத்தினாள். "கடையிலேருந்து நல்ல பூட்டா ஒண்ணு எடுத்துட்டு வாங்க. இன்னிக்குக் கச்சேரியோட சரி, இதைப் பூட்டிடலாம்."

அவர் திகைத்துப்போய், "ஏம்மா?" என்றார்.

"மூணாவது பகுதியை இந்தச் சுவத்துக்கு வாசிச்சே ஆயுசு போயிடுச்சு. மருந்து பாட்டிலுக்கு எதுக்குங்க பத்து விரல்?"

அவர் கடைக்குப் போனார். எத்தனையோ பேர் அவரிடம் பூட்டு கேட்டிருக்கிறார்கள். இப்படி யாரும் கேட்டதில்லை. நல்ல பூட்டாக ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கழுத்தில் கம்பளித் துண்டோடு வரிசையில் நின்றார். "இருமிக் காட்டுங்க" என்றார் வாசல்காரர். துருப்பிடித்த பூட்டைத் திறப்பது போல ஒரு சத்தம் எழுப்பினார். உள்ளே விட்டார்கள். மேடையில் உட்கார்ந்தவள் முதல் இருமலிலேயே கண்டுகொண்டாள். பொய் சொன்னால் அவர் காது சிவந்துவிடும். அன்று இரண்டு காதும் தக்காளியாக இருந்தன. முதல் பகுதி முடிந்தது, பாதிப் பேர் எழுந்து போனார்கள். இரண்டாம் பகுதி முடிந்தது, மீதிப் பேரும் போனார்கள். அவர் மட்டும் இருமிக்கொண்டிருந்தார். வாசல்காரர் கூப்பிட்ட டாக்டர் ஓடிவந்து நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்து, கேஸ் மோசம் என்று உதட்டைப் பிதுக்கினார். இல்லாத இருமலை எந்தச் சங்கீதம் குணப்படுத்தும்? விதி விதிதான், திரை இறங்கவில்லை.

அவள் மூன்றாம் பகுதியைத் தொடங்கினாள். விரல் ஓரிரு இடத்தில் பிசகியது, சும்மா சொல்லக் கூடாது, ஆனாலும் அப்படி ஒரு வாசிப்பு அந்த அரங்கம் கண்டதில்லை. ஓங்கி ஒலிக்கும் இடமாகப் பார்த்து இருமிவந்த மனுஷன், போகப் போக வாயைப் பிளந்து கேட்டு, இருமவே மறந்துபோனார். சத்தம் நின்றதும் வாசல்காரர் கயிற்றை இழுத்தார். திரை பாதி இறங்கிவிட்டது. அவளுக்கு உயிரே போய்விட்டது. கையை எடுக்காமல், மேடையிலிருந்தே லொக்கு லொக்கென்று இருமினாள். திடுக்கிட்ட புருஷனும் பதிலுக்கு இருமினார். வாசல்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரையை ஏற்றினார். கடைசி ஸ்வரம்வரை வாசித்து முடித்தாள். காலி அரங்கத்தில் ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று கைதட்டினார். அவள் குனிந்து வணங்கியபோது அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னும் நிக்கலையா சார்?" என்றார் வாசல்காரர்.

"எங்கப்பா! நாளைக்கும் வரணும் போலிருக்கு."

கொண்டுவந்த பூட்டு மறுநாள் கடைக்கே திரும்பிப்போய் விலைபோனது. அடுத்த குளிர்காலத்துக்குள் அதே தீராத இருமல் வாசல்காரருக்கும் வந்தது, பிறகு மருந்துக்கடைக்காரருக்கும், பிறகு பாதி ஊருக்கும். இப்போது கடைசிவரை அரங்கம் நிறைந்திருக்கிறது. டாக்டர்கள் இதற்கு மருந்து கிடையாது, உயிருக்கு ஆபத்தும் இல்லை, காது மட்டும் கொஞ்சம் சிவக்கும் என்கிறார்கள்.