ஊட்டா வேறு, திண்டி வேறு

அப்பாவின் வலது கால் கட்டைவிரல் இருக்குமா போகுமா என்பது திங்கட்கிழமை தெரிந்துவிடும். அவர் வேலை பார்க்கும் பொம்மசந்திரா ஆலையில் கொடுத்த இரும்பு முனை ஷூ கடித்த புண். சர்க்கரை இறங்கினால்தான் ஆறும், இல்லையென்றால் விரலை எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

எனக்கு மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் கம்பெனியில் வேலை. அமெரிக்க டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததை ஹெட்போனில் கேட்டுக் கேட்டு டைப் அடிக்க வேண்டும். நோயாளியின் காலை வெட்டி எடுத்ததைக்கூடக் காபி குடித்த மாதிரி சொல்லிக்கொண்டு போவார்கள். அதை அடித்துக் கொடுத்துவிட்டு ஜீவனஹள்ளி வீட்டுக்கு வந்து அப்பாவின் காலைப் பார்த்தால் எனக்கு அழுகை வராது. கோபம்தான் வரும்.

அப்பா சோற்றைக் குறைத்திருந்தார். அதில் குறை சொல்ல முடியாது. குவித்துச் சாப்பிட்ட மனிதர், இரண்டாவது கரண்டி போட வந்தால் தட்டின்மேல் கையை வைத்து மறைத்தார். கேன்டீனிலும் அப்படித்தான் என்றார். பெயர் உத்தமன், பொய் சொல்ல வராது. ஆனாலும் சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. எனக்குத் தெரியாமல் அம்மா ஏதாவது கொடுக்கிறாள் என்று அவளோடு சண்டை போட்டேன்.

“ஆமாடி, எழுப்பி உக்கார வெச்சு ஜாங்கிரி ஊட்டுறேன்” என்றாள். அதோடு என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு அவரை லேபுக்கு நானே கூட்டிப்போனேன். வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்த அல்போன்சா சிஸ்டர், வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வரச் சொன்னார். என் பையில் சப்பாத்தி டப்பா இருந்தது. அப்பா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே எனக்கு முன்னால் போய், முக்கில் இருந்த நின்று சாப்பிடும் ஓட்டலுக்குள் நுழைந்தார்.

கல்லாக்காரர் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்கவே இல்லை. டோக்கனைக் கிழித்துக் கொடுத்தார். இட்லி வடை, மசால் தோசை, காராபாத் என்கிற ரவை உப்புமா, கேசரிபாத் என்று மேஜை நிரம்பியது.

“இதெல்லாம் யாருக்கு?”

“எனக்குத்தான். உனக்கு என்ன சொல்லட்டும் கண்ணு?”

தினமும் இப்படியா என்று கேட்டேன். கம்பெனி பஸ் வருவதற்கு முன்னால் ஒரு தடவை, சாயந்திரம் இறங்கியதும் ஒரு தடவை என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். முன்பெல்லாம் ஒரு இட்லியோடு நிறுத்திக்கொள்வாராம். இப்போது சோறு குறைந்துவிட்டதால் பசி தாங்கவில்லையாம்.

“சாப்பாட்டக் கொறைக்கச் சொன்னாங்கல்லப்பா?”

“கொறைச்சிட்டேனே.” அவர் முகம் சுருங்கியது. “டாக்டர் என்ன சொன்னாரு? ஊட்டா கம்மி மாடின்னாரு. மாடியாச்சு. இது திண்டிம்மா.”

ஊட்டா கம்மி மாடி என்றால் ஊட்டாவைக் குறையுங்கள் என்று அர்த்தம். கன்னடத்தில் சோறு வைத்துச் சாப்பிட்டால்தான் ஊட்டா. இட்லி, தோசை எல்லாம் திண்டிக் கணக்கு. நாமும் சாப்பாடு, டிபன் என்று பிரித்துத்தானே பேசுகிறோம். டாக்டர் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிட்டுவிட்டார். இவர் அந்த வார்த்தைக்கு உண்மையாக இருந்து, சோற்றில் விட்டதையெல்லாம் கேசரியில் பிடித்துக்கொண்டிருக்கிறார். யாரைப் பிடித்து உலுக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. சட்னி வாளியோடு வந்தவனை முறைத்தேன்.

“ரத்தத்துக்கு ஊட்டா, திண்டியெல்லாம் தெரியாதுப்பா. உள்ள போனா எல்லாம் ஒண்ணுதான். இட்லி மட்டும் சாப்பிடு. மத்ததை வெச்சிடு.”

“வழக்கமா சாப்பிடறதைச் சாப்பிடச் சொன்னாங்களே. டெஸ்டு தப்பா வந்துடாதா?”

“தப்பாவே வரட்டும்.”

இட்லியை மெதுவாக மென்றார். அதை முடித்த பிறகும் அவர் கை தோசைத் தட்டை விடவில்லை. மற்றத் தட்டுகளை நான் தூக்கிக்கொண்டு போய் எச்சில் தட்டு போடும் தொட்டியில் வைக்க, அவர் தோசைத் தட்டோடு பின்னால் வந்தார். அங்கே போய் நின்றுவிட்டார். அவர் தட்டில் ஒரு பருக்கை மிஞ்சி நான் பார்த்ததில்லை.

“நீ சாப்பிட்டுடேன்.”

“நான் சாப்பிட மாட்டேன்.”

“கட்டியாவது குடுக்கச் சொல்லு.”

“வீட்டுக்கு வந்தா நீதான் திம்ப.”

“முழுத் தோசைம்மா. பாக்குறவன் என்ன நெனப்பான்?”

பின்னால் தட்டோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை.

“தோசையா வெரலா, நீயே சொல்லு.”

அப்பா குனிந்து தன் காலைப் பார்த்தார். செருப்புக்கு வெளியே கட்டுத்துணி பழுப்பேறிக் கிடந்தது. பிறகு, தோசை சரிந்துவிடாதபடி இரண்டு கையாலும் தட்டை மற்றத் தட்டுகளின்மேல் வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே நின்றார். நான் அவர் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.