ஆளில்லாத கூட்டம்

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இது கதையாகப் பிறக்கவில்லை. இன்றைய அலுவலகத்தில் நிர்வாக உதவியாளர்கள் சிறக்க என்ன தேவை என்று ஒரு பத்திரிகை என்னிடம் கட்டுரை கேட்டது. ஐந்து குறிப்புகள் போதுமாம். என் அண்ணி பதினாறு வருடமாக ஓர் இயக்குநரின் உதவியாளர். அவரிடம் கேட்டேன்.

“மொதல்ல எனக்கு வேலை இருக்கான்னு பார்ப்போம் தம்பி” என்றார். கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2.
முதல் தொடக்கம்: ‘காலை வெயில் ஜன்னல் வழியே அவள் மேசைமீது…’ (வேண்டாம். அண்ணியின் அறைக்கு ஜன்னலே கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: அலுவலகத்துக்கு ஓர் ஆலோசகர் வந்தார். இயக்குநரின் காலண்டரைத் தானே நிரப்பும் மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு மாதம் அது ஒழுங்காக ஓடினால் அண்ணிக்கு வேலை இல்லை. (ஆலோசகரை வில்லனாக்கப் பார்த்தேன். மனுஷர் அண்ணியின் பிரிண்டரை ரிப்பேர் செய்து கொடுத்து என் திட்டத்தைக் கெடுத்துவிட்டார்.)

3.
இயக்குநரின் காலண்டரில் செவ்வாய்தோறும் பதினொரு மணிக்கு அரை மணி நேரக் கூட்டம். கலந்துகொள்பவர்கள்: யாருமில்லை.*

மூன்றாவது செவ்வாய், மென்பொருள் அதை வெட்டிக் கூட்டம் என்று அழித்து, அங்கே வேறு சந்திப்பைச் செருகியது. அது முடிந்த கையோடு அடுத்த அறைக்கு ஓடிய இயக்குநர், காத்திருந்த வாடிக்கையாளர்களை அவர்களுடைய போட்டி நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வரவேற்றார். அவர்கள் கிளம்பப் பையைத் தூக்கிவிட்டார்கள்.

அண்ணி வாசலில் நின்றார். “அரை மணி நேரம் கொடுங்க. உங்க ஃபைலைப் படிச்சிட்டு வருவாரு. அப்பவும் பிடிக்கலைன்னா நானே கார் வரைக்கும் வந்து அனுப்பி வைக்கிறேன்.”

உட்கார்ந்தார்கள். சாயங்காலம் ஒப்பந்தம் கையெழுத்தானது. இதை எழுதும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

(* அது இயக்குநர் ஃபைல் படிக்க அண்ணி ஒளித்துவைத்த நேரம். ஏதோ கூட்டம் ரத்தாகிவிட்டதென்றே இயக்குநர் ஒவ்வொரு வாரமும் நினைத்துக்கொண்டிருந்தார்.)

4.
“அந்த அரை மணி நேரத்தைப் பத்தி என்கிட்ட ஏன் சொல்லலை?” என்றார் இயக்குநர்.

“சொல்லியிருந்தா அதையும் யாருக்காவது கொடுத்திருப்பீங்க.”

ஆலோசகர்தான் முதலில் சிரித்தார்.

“சரி, உங்களுக்கு என்ன வேணும்?” என்றார் இயக்குநர்.

(இங்கே அண்ணிக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்துப் பார்த்தேன். அடித்துவிட்டேன். ராஜினாமா செய்யவைத்தேன். அதையும்…)

அண்ணி சொன்னது இதுதான்: “யார் உங்க நேரம் கேட்டாலும் முடியாதுன்னு சொல்ற அதிகாரம். கேக்கிறது நீங்களா இருந்தாலும்.”

5.
இயக்குநரின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவரிடமே கேட்டுவிடலாம் என்று பத்து நிமிடம் நேரம் கேட்டுப் போன் செய்தேன். அண்ணிதான் எடுத்தார்.

“முடியாது தம்பி” என்றார், அவ்வளவு சந்தோஷமாக.