குளம்பில் இருந்த எண்

நாலு நாளாக நானும் என் வீட்டுக்காரரும் பேசிக்கொள்ளவில்லை. காரணம் நாத்தனார். ஒரு மாதம் வந்து தங்கப்போகிறாள் என்பதை, அவள் பெட்டி கட்டிய பிறகுதான் எனக்குச் சொன்னார். இரண்டே அறை உள்ள வீடு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? அன்றிலிருந்து எல்லாம் மகள் மூலமாகத்தான். இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவரைச் சாப்பிட வரச்சொல்லி மகளிடம் சொல்வேன். "அப்பாவுக்குப் பசிக்கலையாம்மா" என்று அவளும் தபால் கொண்டுவருவாள்.

வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. எங்கள் நேரம், வேலை செய்யும் இடமும் ஒன்றே. பாம்புக்கடி மருந்து தயாரிக்கும் நிலையம் அது. குதிரை லாயம் அவர் பொறுப்பு, ரத்தம் எடுப்பதும் ஏற்றுவதும் என் பொறுப்பு. குதிரைக்குப் பாம்பு விஷத்தைக் கொல்லாத அளவில், துளித்துளியாகப் பல வாரம் ஏற்றுவோம். உடம்பு அதை எதிர்க்கக் கற்றுக்கொள்ளும். அப்புறம் ரத்தம் எடுத்து, பையைக் குளிரறையில் தொங்கவிட்டால் சிவப்பணுக்கள் அடியில் படிந்துவிடும். மேலே மஞ்சளாகத் தெளிந்து நிற்பதிலிருந்துதான் மருந்து. அடியில் இருக்கும் சிவப்பை மறுநாள் அதே குதிரைக்குத் திருப்பி ஏற்றிவிடுவோம். அதே குதிரைக்கு. இந்த இரண்டு வார்த்தையில்தான் எங்கள் பிழைப்பே இருக்கிறது.

அதனால், ஏற்றுவதற்கு முன் முன்னங்கால் குளம்பில் சுட்டிருக்கும் எண்ணைக் குனிந்து பார்க்க வேண்டும். பார்த்த பிறகுதான் படிவத்தில் கையெழுத்து. போன வருஷம் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட ஒருவரைப் பற்றி நான்தான் மேலே எழுதிக் கொடுத்தேன். குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை, அவருக்கு வேலை போயிற்று. "பொம்பளையா அவ, பேயி" என்று சொல்லிவிட்டுப் போனாராம். சொன்னால் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்று காலை பெரியவளுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. பெரியவள், சின்னவள் என்று நாங்கள் கூப்பிடுவது கூடப்பிறந்த இரண்டு பெண் குதிரைகளை. இரண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி, காப்பிக்கொட்டை நிறம். என் வீட்டுக்காரர் நடையை வைத்தே யார் யாரென்று சொல்லிவிடுவார். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, குளம்பைப் பார்த்தால்தான் உண்டு.

பலகையில் பெரியவளின் எண் இருந்த கொட்டடிக்குள் பையோடு போனேன். வழக்கமாக அவர் வந்து தலையைப் பிடித்துக்கொள்வார். கூப்பிட்டால் பேச வேண்டுமே! நானே கயிற்றை இழுத்துக் கட்டினேன். தரையில் என்றுமில்லாமல் வைக்கோல் அவ்வளவு கிடந்தது, குளம்பு நான்கும் அதற்குள் புதைந்திருந்தன. என் மனசு பூராவும் நாத்தனார்தான். அவள் வந்து சட்டமாக உட்கார்ந்துகொண்டால் மகள் எங்கே படிப்பாள், எங்கே படுப்பாள்? கையெழுத்துப் போட்டேன். குனியவில்லை.

பை பாதி இறங்கியிருக்கும். குதிரைக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. கழுத்தெல்லாம் வேர்வை. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது, முன்காலால் தரையைப் பறித்தது. குழாயை மூடிவிட்டுக் கத்தினேன். குதிரைகளைப் பார்க்கும் டாக்டரம்மா ஓடிவந்தாள், பின்னாலேயே அவரும்.

டாக்டரம்மா வயதில் இளையவள், கெட்டிக்காரி. வயிற்றில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "வயித்து வலி மாதிரிதான் இருக்கு. மொதல்ல வலிக்கு ஒரு ஊசி போட்டுடுறேன்" என்று ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

குதிரை பறித்த பறிப்பில் வைக்கோல் விலகிக் குளம்பு வெளியே தெரிந்தது. அதில் இருந்தது சின்னவளின் எண்.

ஏற்றிய ரத்தம் பெரியவளுடையது. சேராத ரத்தம் போய்ச் சிவப்பணுக்கள் உடைந்து கொட்டும் நேரத்தில் அந்த வலி ஊசியைப் போட்டால் சிறுநீரகம் போய்விடும். பயிற்சியில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்த விஷயம் அது. இருந்தும் மூன்று மூச்சு, நாலு மூச்சு நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. வயிற்று வலியாகவே இருக்கட்டும், பதினெட்டு வருஷம் எடுத்த பேர் போகாமல் இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தேன்தான், மறைக்க மாட்டேன். ஊசிமுனை தோலைத் தொடப்போனது.

"டாக்டர், போடாதீங்க! இது சின்னவ. நான் பெரியவ ரத்தத்த ஏத்திட்டேன்."

டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. அதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். "தப்பு என்னுது டாக்டர். நேத்து சாயங்காலம் இங்க குழாய் ஒழுகித் தரையெல்லாம் ஈரம். பெரியவளுக்குக் கால்ல புண்ணு இருக்கேன்னு ரெண்டு பேரையும் எடம் மாத்திக் கட்டினேன். பலகையையும் மாத்தல, இவகிட்டயும் சொல்லல."

"நீங்க சும்மா இருங்க" என்றேன். "குனிஞ்சு பாத்திருக்க வேண்டியது நான். கையெழுத்து என்னுது."

நாலு நாள் கழித்து அவரோடு நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டாள். வேறு மருந்து போட்டாள், நரம்பில் உப்புத்தண்ணீர் இறக்கினாள். "சிறுநீர் தெளிஞ்சா பொழச்சுக்குவா. தெளியலேன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள்.

"கூடப்பொறந்தவ ரத்தம்தானே டாக்டர், இப்படியா பண்ணும்?" என்று அவர் கேட்டார்.

"இவ ரெண்டு குட்டி போட்டவ இல்லையா? குட்டிக்கு அப்பனோட ரத்தவகை வந்திருக்கும். அப்பவே இவ ஒடம்பு அத எதிர்க்கக் கத்துக்கிட்டிருக்கும். இப்ப அக்கா ரத்தத்துலயும் அது இருந்திருக்கு. விடுமா?"

எதிர்க்கக் கற்றுக்கொள்ளும் குணத்துக்காகத்தான் இவளை வைத்துச் சோறு போடுகிறோம். முகம் தெரியாத யார் யாரோ அதனால் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். அதே குணத்தை நான் அவள் மேலேயே ஏவிவிட்டேன். பாவி நான்.

மத்தியானம் வந்த சிறுநீர் கறுஞ்சிவப்பாக இருந்தது. அவர் வாளியோடு ஒருபக்கம், நான் மருந்துப் பையோடு மறுபக்கம். வீட்டுக்கும் போகவில்லை, சாப்பிடவும் இல்லை.

"மாத்திக் கட்டினத ஏங்க சொல்லல? கோவமா?"

"கோவந்தான். இல்லேங்கல. ஆனா, நீ எப்படியும் குளம்பப் பாப்பேன்னு இருந்துட்டேன். இந்த லாயத்துல எவன் பாக்காட்டியும் நீ பாப்பே."

அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாலு மணிக்குச் சின்னவள் காலை அகட்டினாள். அவர் பாய்ந்து வாளியைப் பிடித்தார். வெளுத்த மஞ்சள். டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "தப்பிச்சா. ஆனா இனிமே இவகிட்ட ரத்தம் எடுக்கக் கூடாது. ஓய்வுதான்" என்றாள். என்னையும் விசாரணை முடியும்வரை ஊசியைத் தொட வேண்டாம் என்றாள். சரி என்றேன்.

நடந்ததை ஒரு வரி விடாமல் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன். எழுதும்போது போன வருஷத்து மனிதரின் ஞாபகம் வந்தது. அவருக்கும் அன்று காலை வீட்டில் ஏதாவது இருந்திருக்குமோ? நான் கேட்கவே இல்லை.

கிளம்பும் முன் சின்னவளைப் பார்க்கப் போனேன். கையில் ஒன்றும் இல்லை. நெற்றியைத் தடவிக்கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் போனேன். என்னைக் கண்டதும் அவள் தள்ளாடி எழுந்தாள். மெதுவாகத் திரும்பி, நான் எப்போதும் ஊசி ஏற்றும் இடதுபக்கக் கழுத்தை எனக்கு நேராக நீட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள்.

ஆறு வருஷமாக அப்படிப் பழக்கியது நான்தான்.

"இன்னிக்கு ஒண்ணும் வேணாம்னு அவகிட்டச் சொல்லுடி" என்றார் பின்னால் வந்து நின்ற அவர்.

"வேணாம்மா. இனிமே எப்பவும் வேணாம்" என்றேன். அவளுக்கு என்ன புரியும்? கழுத்தை நீட்டியபடி காத்துக்கொண்டே நின்றாள். நான் அந்த வைக்கோலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.