பன்னிரண்டு மணித் தண்ணீர்

ஜெயஸ்ரீயின் கையிலிருந்த எவர்சில்வர் டம்ளர் பறந்துபோய்க் கம்ப்யூட்டர் மேஜையின் காலில் மோதி, இரண்டு சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்தது. தட்டிவிட்டவள் அவளைப் பெற்ற புஷ்பவல்லிதான்.

"எத்தினி தபா சொல்லிக்கிறேன்? பச்சைக் குடம் அவுங்களுது. நம்பளுக்குக் கேன் கீதுல்ல? கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

"தண்ணி தானம்மா..."

"வாய மூடு. தண்ணி தானாம்!"

பதினொரு பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் அந்தத் தெரு. ஏழு பேர் எர்ணாவூர்க் குடியிருப்பு. கம்ப்யூட்டர் திரைக்குள்ளிருந்து தேவப்பிரியம் மிஸ்ஸும் பார்த்துக்கொண்டிருந்தார். கோயம்புத்தூரில் உட்கார்ந்திருந்த அவருக்கு டம்ளர் விழுந்த சத்தம் நாலு விநாடி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. திடுக்கிட்டதும் தாமதமாகத்தான்.

2007ஆம் வருஷம். புஷ்பவல்லியின் புருஷன் கோதண்டம் மீன் ஏலத்தில் கமிஷன் வாங்கிக் கட்டிய வீட்டின் முன்னறைதான் அவர் மகன் திருமுருகனின் பிரவுசிங் சென்டர். ஆறு மெஷின், ஆறு பிளைவுட் தடுப்பு. சனிக்கிழமை பதினோரு மணிக்குத் தடுப்புகளைக் கழற்றிவிட்டு, ஒரு டிரஸ்ட்டுக்காரர்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீரையும் மண்ணையும் பற்றி இன்டர்நெட்டில் பாடம் நடத்தினார்கள். அறையைக் கேட்டு வந்தபோது கோதண்டம் முதலில் முடியாது என்றார். பிறகு யோசிக்கிறேன் என்றார். மூன்றாம் நாள், பிள்ளைகளுக்காகச் சம்மதித்தேன் என்றார். வஞ்சிர மீனைக்கூட அவர் இதே மூன்று படியில்தான் விலை ஏற்றுவார். காகிதத்தில் எழுதாத ஷரத்துகள் இரண்டு இருந்தன. குடியிருப்புப் பிள்ளைகளின் செருப்பு தெருவோடு நிற்க வேண்டும். அவர்களுக்குக் குடிக்கத் தனிக் குடம்.

பச்சைக் குடத்தில் அடிபம்புத் தண்ணீர். வீட்டுக்காரர்களுக்குக் கேன்காரர் வெள்ளத்துரை போடும் இருபது லிட்டர் கேன்.

அன்றைய பாடம் 'நீ குடிக்கும் நீரை நீயே அள'. டிரஸ்ட் அனுப்பிய பெட்டியில் தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கப் பேனா மாதிரி ஒரு மீட்டரும், கடினத்தன்மையைப் பார்க்க ஒரு சொட்டு மருந்துப் புட்டியும் இருந்தன. மீட்டருக்குப் பொறுப்பாளி பதினோரு வயது மகிழினி. குடியிருப்புப் பெண், கண்டெய்னர் யார்டில் கூலி வேலை பார்க்கும் அறிவின் மகள். அவள் மீட்டரை ஜாக்கிரதையாகத் துடைத்து, இரண்டு தண்ணீரிலும் முக்கினாள்.

"கேன் நானூத்திப் பன்னண்டு மிஸ். ஒம்போது சொட்டுல கலர் மாறிச்சி. பச்சைக் குடம் ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி அறுவது. முப்பத்தோரு சொட்டு."

"சரியா அளந்திருக்கே. தண்ணிக்கும் கைரேகை உண்டு. இந்த நம்பர்தான் அது" என்றார் மிஸ். பிறகு முகம் சுருங்கியது. "ஒரே வீட்டுல எதுக்கு ரெண்டு தண்ணி?"

பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது கடமை என்று நினைத்தவள் ஜெயஸ்ரீ ஒருத்திதான்.

"அது எங்களுக்கு மிஸ். இது அவுங்களுக்கு."

மிஸ் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து நெட் நின்றது. திறந்த வாயோடு ஐந்து நிமிஷம் அவர் திரையில் உறைந்து நின்றார். உள்ளபடியே பொருத்தமான முகம்தான்.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்த புஷ்பவல்லி ஓடிப்போய்க் கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். மணி பன்னிரண்டு.

பிள்ளைகள் பேச்சை நிறுத்தினார்கள். பக்கத்து லேத்துப் பட்டறையின் இரைச்சலுக்கு அடியில் அது கேட்டது. கிணற்றின் மேல் போட்டிருந்த தகரம் மெல்ல அதிர்ந்தது. அதன் கீழே, யாரோ அவசரமாக மொண்டு மொண்டு ஊற்றுவது போல, களக், களக், களக்.

"மகி, உங்கம்மா டூட்டிக்கு வந்துட்டாங்க, பாரு" என்றான் திருமுருகன். தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களுக்கும் உள்ளூரப் பயம்தான். மகிழினி மீட்டரை மூடிப் பெட்டியில் வைத்தாள்.

அவள் அம்மா கெங்கம்மா அந்த வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். கொல்லைக் கிணற்றில் ராட்டினம் இருக்கும் பக்கம் சிமெண்ட் தரையும் இடுப்புயரச் சுவரும் உண்டு. அது வீட்டுக்காரர்களின் பக்கம். கெங்கம்மா சொந்தக் கயிறு, சொந்த வாளியோடு எதிர்ப்பக்கம் நின்றுதான் இறைக்க வேண்டும். அங்கே சுவர் இடிந்து, பாசி படிந்திருந்தது. கட்டிக் கொடுங்க யக்கா என்று அவள் கேட்டது உண்டு. நீ ஒருத்தி நிக்கிறதுக்காகக் கொத்தனாரக் கூப்புடுவாங்களா என்று புஷ்பவல்லி சிரித்ததும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நடுப்பகலில் கெங்கம்மா வழுக்கி உள்ளே போனாள். தெருவுக்கு 'வழுக்கினாள்' என்ற சொல் சௌகரியப்படவில்லை. குதித்துவிட்டாள் என்றது. வீட்டுக்காரர்கள் கிணற்றைத் தகரத்தால் மூடி, எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார்கள். அந்தத் தண்ணீரை இனி வாயில் வைக்க மாட்டேன் என்று புஷ்பவல்லி சத்தியம் செய்தாள். ஒரே மாதத்தில் உச்சி வேளைச் சத்தம் ஆரம்பித்தது. செத்தும் அவள் தண்ணீர் இறைக்கிறாள் என்று தெரு முடிவு கட்டியது. பள்ளிக்கூடத்தில் மகிழினியின் பெயர் மாறிப்போனது. பேய் பெத்த பொண்ணு.

நெட் திரும்பி வந்ததும் மிஸ் அடுத்த வாரத்துக்கு வேலை கொடுத்தார். "உன் தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாரு. அது பின்னாடியே நட. அது பொறந்த எடம் வரைக்கும் போ." இரண்டு இரண்டு பேராகப் பிரித்தார். ஜெயஸ்ரீயும் மகிழினியும் ஒரு ஜோடி. அவர்களுக்கு வந்தது கேன் தண்ணீர்.

அன்று சாயங்காலம் மகிழினி அப்பாவைக் கேட்டாள். "நைனா, அம்மா அங்கதான் கீதா?"

அறிவு லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தான். "செத்தவங்க தண்ணி எறைக்க மாட்டாங்க கண்ணு. உசுரோட இருக்கசொல்லோ எறைச்சது பத்தாதா அவளுக்கு?"

"எல்லாரும் சொல்றாங்களே."

"அவுங்களுக்கு அவ அங்க இருக்கணும். நமக்கு இங்க இருந்திருக்கணும்."

புதன்கிழமை பள்ளியைப் பதினோரு மணிக்கே விட்டார்கள். ஜெயஸ்ரீயை அவள் வீட்டில் அனுப்பவில்லை. மகிழினி தனியாகப் புறப்பட்டாள். கையில் மீட்டர், பாவாடை இடுப்பில் ஒரு முழம் கனகாம்பரம். அம்மாவுக்குப் பிடித்த பூ. வீட்டுப்பாடத்துக்குப் பூ எதற்கு என்று யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று வழியெல்லாம் யோசித்தாள். யாரும் கேட்கவில்லை.

வெள்ளத்துரையின் மூணு சக்கர வண்டி காலிக் கேன்களை உருட்டிக்கொண்டு மெயின் ரோட்டைத் தாண்டியது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவள் அதன் பின்னாலேயே நடந்தாள். வண்டி ரயில்வே கேட் பக்கம் போகவில்லை. கம்பெனி எதற்குள்ளும் போகவில்லை. ஒரு சுற்றுச் சுற்றி, கோதண்டம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் நுழைந்து, லேத்துப் பட்டறையை ஒட்டின கொட்டகையில் நின்றது. கொட்டகைக்குள் ஒரு மோட்டார். அதிலிருந்து கறுப்பு ஓஸ் குழாய் ஒன்று மதில் ஓட்டை வழியாகக் கோதண்டம் வீட்டுக் கொல்லைக்குள் போனது.

பன்னிரண்டு அடித்தது. வெள்ளத்துரை சுவிட்சைத் தட்டினார்.

மதிலுக்கு அந்தப் பக்கம் தகரம் அதிர்ந்தது. களக், களக், களக்.

மகிழினி ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஓஸ் பாசி படிந்த தரையில் நெளிந்து, சுவர் இல்லாத பக்கமாக, அம்மா கால் வைத்த அதே இடத்தில், தகரத்துக்கு அடியில் இறங்கியிருந்தது.

"இன்னா பாப்பா, கேன் வோணுமா?"

"தண்ணி எங்கேந்து வருதுன்னு பாக்கச் சொன்னாங்க."

"மினரலு பாப்பா! பூமா தேவி குடுக்குறது" என்று வெள்ளத்துரை சிரித்தார்.

"இந்தக் கெணத்துல பேய் கீதுன்னாங்களே..."

"பேயா? நான்தாம்மா அந்தப் பேயு." அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கோதண்டம் அண்ணன் மூளை யாருக்கு வரும்? பன்னண்டு மணிக்குப் போடுடா, ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான்னாரு. பூட்டுப் போட்டா சாவி செஞ்சிடுவான் பாப்பா. பேய்க்கு இன்னா சாவி செய்வான்? அவரு சம்சாரத்துக்கே தெரியாது. வெளில சொல்லிக்காத, இன்னா?"

இவள் யார் பெற்ற பெண் என்று அவருக்குத் தெரியாது. பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார். அவள் மீட்டரை முக்கினாள். நானூத்திப் பன்னண்டு.

திரும்பி வரும்போது பூ இடுப்பிலேயே இருந்தது. அம்மா பேய் இல்லை. பள்ளிக்கூடத்தில் இனி யாரும் சொல்ல முடியாது. அதோடு, அம்மா அங்கே இல்லவும் இல்லை. இரண்டாவது செய்தி எர்ணாவூர் பாலத்துக்குக் கிட்டே வந்தபோதுதான் அவளுக்கு எட்டியது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

சனிக்கிழமை கோதண்டம் வீட்டில் இருந்தார். சாப்பாட்டுக்கு முன் ஈஸி சேரில் சாய்ந்து, பாடம் கேட்பது மாதிரிக் கண்ணை மூடியிருந்தார். மகிழினி மைக்கைப் பிடித்து, வண்டி, சந்து, கொட்டகை, ஓஸ் என்று வரிசையாகச் சொன்னாள். 'கிணறு' என்றபோது அவர் கண் திறந்தது.

"பொய்யி! கயித, இன்னா கத கட்டுது பாரு! மூடிக் கெடக்குற கெணத்துலேர்ந்து எவன் எடுப்பான்?"

"ஜெயஸ்ரீ, கேன் தண்ணிய மறுபடி அளந்து பாரும்மா" என்றார் மிஸ்.

ஜெயஸ்ரீ அளந்தாள். "நானூத்திப் பன்னண்டு. ஒம்போது சொட்டு மிஸ்."

"கொட்டகையிலயும் அதே நானூத்திப் பன்னண்டு மிஸ்" என்றாள் மகிழினி. "அப்ப ரெண்டும் ஒரே தண்ணிதான்" என்றார் மிஸ்.

உள்ளறைத் திரைச்சீலையை ஒதுக்கிக்கொண்டு புஷ்பவல்லி வந்தாள். அதே நேரம் பன்னிரண்டு அடித்தது. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவள் கதவைச் சாத்த மறந்திருந்தாள். களக், களக் என்று கிணறு பேசத் தொடங்கியது.

திருமுருகன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். கேனைப் பார்த்தான். அதன் மேல் ஒட்டியிருந்த நம்பருக்குத் தன் செல்போனில் அடித்தான்.

"வெள்ளத்துரைண்ணே, மோட்டார நிறுத்து."

சத்தம் நின்றது.

"போடு."

களக், களக், களக்.

"நிறுத்துண்ணே."

மூன்று வருஷம் தெருவையே கதவடைக்க வைத்த ஆவி, ஒரு ரூபாய் போன்காலுக்கு அடங்கியது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

புஷ்பவல்லியின் குரல் கீச்சென்று வந்தது. "அவ வுயுந்த தண்ணியயா மூணு வருசமா என்னக் குடிக்க வெச்ச?"

"குடிச்சியே, இன்னா ஆச்சு?" கோதண்டம் சீறினார். "வாந்தி வந்துச்சா? தீட்டு ஒடம்புல ஒட்டிச்சா? நல்லாத்தான கீற! தண்ணி தானே!"

அதே வார்த்தைக்காகப் போன வாரம் ஒரு டம்ளர் பறந்தது. ஜெயஸ்ரீ அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மகிழினி மெதுவாகக் கேட்டாள். "அப்ப எங்கம்மா பேய் இல்லல்ல, ஆன்ட்டி?"

மகிழினி கீபோர்டைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். டிரஸ்ட்டின் இணையப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது: நீர்நிலையின் பெயர். ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தாள். கெங்கம்மா கிணறு. அடுத்த கட்டம்: குறிப்பு. 'ஒரு பக்கம் சுவர் இல்லை. அந்தப் பக்கம்தான் எங்கம்மா நிக்கணும்னு சொன்னாங்க.' கோதண்டம் பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தார். அதற்குள் அது போய்விட்டது. அன்றைக்கென்று நெட் நன்றாக வேலை செய்தது.

பாடத்துக்கு இனி அறை இல்லை என்று டிரஸ்ட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஓஸைச் சுருட்டினார்கள். வேறு கம்பெனிக் கேன் வந்தது. அந்தத் தண்ணீர் எந்தக் கிணற்றில் பிறந்தது என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு அடித்தது. புஷ்பவல்லி பழக்கத்தில் தாழ் போட்டுவிட்டு நின்றாள். தகரம் அதிரவில்லை. ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. இத்தனை நாள் செத்தவள் இருக்கும் இடமாவது தெரிந்திருந்தது. கதவைச் சாத்தினால் போதும். இப்போது எந்தக் கதவைச் சாத்துவது? அந்த அமைதிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "இந்தப் பக்கம் வராத கெங்கம்மா. அப்டிக்கா நின்னு எறை." அது புஷ்பவல்லியின் சொந்தக் குரல்.

முன்னறையில் செருப்புச் சத்தம் கேட்டது. மகிழினி செருப்பைக் கழற்றாமல் ஆறு மெஷினையும் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தாள். தோளில் கயிறு, கையில் வாளி. இரண்டும் கெங்கம்மாவுடையவை.

"தண்ணி எடுக்க வந்தேன், ஆன்ட்டி."

தாழை நீக்கியது ஜெயஸ்ரீ. தகரத்தின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை மகிழினி. காய்ந்த எலுமிச்சம்பழம் உருண்டு சுவர் இல்லாத பக்கம் கிணற்றுக்குள் விழுந்தது. மகிழினி அது விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சுற்றி வந்து, சிமெண்ட் தரையில் ஏறி, ராட்டினத்தில் கயிற்றைப் போட்டாள்.

'அப்டிக்கா' என்ற சொல் புஷ்பவல்லியின் நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை.

துருப்பிடித்த ராட்டினம் அலறியது. எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. மூன்று வருஷமாகப் பேய் இறைத்த கிணற்றில் அன்றுதான் ஓர் ஆள் இறைத்தாள். ஜெயஸ்ரீ நசுங்கிய எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள்.