பலாமரத்துக் கயிறு

கயிறு ஒரு சாண் இறங்கி நின்றது, பலாக்கிளை முனகியது, கழற்றிய கியர் பாக்ஸ் தவசியின் நெஞ்சுக்கு மேலே கையெட்டும் உயரத்தில் லேசாகச் சுழன்றபடி தொங்கியது, ஜீப்புக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்த அவன், மெதுவா விடு புள்ள, மெதுவா, என்றான், படுதாவைக் கழற்றிய ஜீப்பின் தளத்து ஓட்டை வழியாக மேலேறிக் கிளையைத் தாண்டிப் போன கயிற்றின் மறுமுனையைப் பலாமரத்தின் அடியில் சுற்றிப் பிடித்திருந்த அவன் மனைவி விருமாயி பதில் சொல்லவில்லை. அவள் அவனோடு பேசி நாளாகிவிட்டது, ஊத்துப்பாறை வளைவில் இந்த ஜீப் பின்னால் உருண்ட அன்றைக்கு, உங்காலு செத்தா போச்சு, என்று கேட்டதுதான் கடைசி, அதற்குப் பிறகு எதுவானாலும் தங்கச்சி பவளத்தின் வழியாகத்தான், பவளம், உங்க மச்சானச் சாப்பிடச் சொல்லு, பவளம், அவரு துண்டு கொடியில கெடக்குன்னு சொல்லு, அவன் அங்கேயேதான் நிற்பான், பவளமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, மச்சான், சாப்பிடணுமாம், என்பாள், அன்றைக்கு ஜீப்பிலிருந்து குதித்து முழங்கால் நொறுங்கியவள் அந்தப் பவளம்தான், அவளே சிரிக்கிறாள், அக்காக்காரிக்குத்தான் மனசு ஆறவில்லை. மறுபடி ஜீப்பை எடுங்க மச்சான், ஏலப்பழம் எடுக்கிற காலம் வந்துருச்சு, இந்தக் காலை வச்சுக்கிட்டு நான் மலைக்கு நடந்தா போக முடியும், என்று சொன்னதும் பவளம்தான், ஆனா நான் முன்சீட்டுல ஒக்கார மாட்டேன், பின்னால கதவோரமா ஒக்காந்துக்கிறேன், திரும்பவும் குதிக்கணும்னா தோதா இருக்கும், என்று சேர்த்துக்கொண்டாள், வேடிக்கையாகத்தான் சொன்னாள், தவசிக்கு அது சுருக்கென்று தைத்தது.

தப்பு காலிலா வண்டியிலா என்று தெரிய வேண்டும், அவனுக்கு வேண்டியது அது ஒன்றுதான், ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகும் பெண்கள் அத்தனை பேரும், தவசி கிளட்சுல காலை வச்சமேனிக்கே கண்ணசந்துட்டான், என்று முடிவு கட்டிவிட்டார்கள், சொல்லிச் சொல்லி அவனே பாதி நம்பிவிட்டான், சாப்பிட உட்கார்ந்தால்கூட இடது காலைத்தான் பார்க்கிறான், நீயா, நீதானா என்று கேட்கிறான், கால் பதில் சொல்கிறதா என்ன. ஜீப் உருண்ட அன்றைக்குக் காலையில் மழை விட்டிருந்தது, ஜீப் நிறையப் பெண்கள், விருமாயியும் அவர்களோடு, தூக்குச்சட்டிகள், பவளம் முன்சீட்டில் கதவோரம், ஏற்றம் தொடங்கியதும் அந்த வாசனை வருகிறது, கொஞ்ச நாளாகவே ஏற்றத்தில் வந்துகொண்டிருந்த வாசனைதான், கோயிலில் திரி கருகும்போது வருமே அது, இவனும் பெண்களின் தலையெண்ணெய் வெயிலில் காய்கிறது என்று நினைத்துக்கொள்வான், பின்னால் யாரோ ஒருத்தி, ஆத்தா நம்ம கூடவே வண்டியில வாரா, என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள், மற்றவர்களும் போட்டுக்கொள்கிறார்கள், இவன்கூட ஒரு கையை ஸ்டீரிங்கிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டான், மடையன், அவனை என்னவென்று சொல்ல, அடுத்த வளைவில் எஞ்சின் அலறுகிறது, சக்கரம் நகரவில்லை, கிளட்சிலிருந்து காலை எடுத்துத்தான் இருந்தேன், எடுத்துத்தான் இருந்தேனா, ஜீப் நின்று, ஒரு மூச்சு யோசித்து, பின்னால் போகத் தொடங்குகிறது, பிரேக்கை மிதிக்கிறான், சேற்றில் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு வழுக்குகின்றன, கத்தல், பவளத்தின் பச்சைச் சேலை கதவுக்கு வெளியே பறக்கிறது, பாறை முட்டி ஜீப் நின்றபோது பக்கத்துச் சீட்டில் அவள் தூக்குச்சட்டி மட்டும் உட்கார்ந்திருந்தது.

கியர் பாக்ஸ் நெஞ்சில் அமர்ந்தது, அதைக் கட்டிப்பிடித்துப் பக்கத்துப் பலகையில் புரட்டிவிட்டு அவன் மூச்சு வாங்கினான், கயிறு தொய்ந்தது, இருக்காரான்னு கேளு பவளம், என்றது மேலேயிருந்து விருமாயியின் குரல், ம், இருக்கேன், என்றான் நேரடியாகவே. பிறகு பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தளர்த்தினான், கிளட்ச் பிளேட் நழுவிக் கைக்கு வந்தது, வாங்கிப் போட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காத பிளேட், தேய்ந்திருக்கும் என்று பார்த்தால் தேயவில்லை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடிபோலக் கறுத்து மினுமினுத்தது, நடுவிலிருந்து விளிம்புவரை எண்ணெய் வழிந்து வெந்த தடம், மூக்கருகே கொண்டுபோனான், கருகிய திரி. ஒரு ரிவெட் குழிக்குள் துளிச் சிவப்பு. நகத்தால் சுரண்டினான், குங்குமம்.

அவன் வீட்டுக்குள் புதிதாக எது நுழைந்தாலும், அரிவாளோ குக்கரோ, ஒருநாள் பேச்சியம்மன் படத்துக்கு முன்னால் இருந்துவிட்டுத்தான் வேலைக்கு வரும், அது விருமாயி வைத்த சட்டம், இந்தப் பிளேட்டும் அப்படி இருந்தது, அவன் பார்த்திருக்கிறான், வட்டமாக, நடுவில் பல் வைத்த குழியோடு, அந்தக் குழியில் கச்சிதமாக உட்கார்ந்து எரிந்த அகல் விளக்கு, பூசைத் தட்டு என்றே செய்து வந்ததுபோல இருந்தது, அழகாத்தான் இருக்கு என்று நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனான், அகல் கசியும் என்று அப்போது தோன்றியதா, தோன்றவில்லை, திரும்பி வந்தபோது அவள் முந்தானையால் துடைத்து வைத்திருந்தாள், பளபளன்னு தொடச்சிருக்கியே என்று மெச்சி மாட்டினான். எண்ணெய் குடித்த பிளேட் ஏற்றத்தில் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது, ஆக, கால் இல்லை. சத்தம் போட்டு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும்போல இருந்தது, காலு இல்லடி, என் காலு இல்ல. தலையைத் திருப்பினால் சக்கரங்களுக்கு இடையே விருமாயியின் பாதங்கள் தெரிந்தன, அதன் பக்கத்தில் பவளத்தின் பாதங்கள், ஒன்று தரையில் பதிந்து, ஒன்று பட்டும் படாமலும். சொன்னால் இவன் கால் தப்பித்துவிடும், தங்கச்சி காலை ஒடித்தது நான் வைத்த விளக்கு என்று அவள் எப்படிச் சோறு தின்பாள். என்னவாம், கேளு, என்றாள் விருமாயி. என்ன மச்சான், என்றாள் பவளம். சீல் ஒழுகியிருக்கு, என்றான், எஞ்சின் ஆயிலு.

பொய் நன்றாகத்தான் இருந்தது, யார் தலையிலும் விழாத பொய், அதன் நிம்மதியில் வெளியே ஊர்ந்து வந்து, புதுப் பிளேட்டு எங்க, என்று கேட்டான், எங்க இருக்கும், சாமிகிட்டத்தான், என்றாள் பவளம். உள்ளே ஓடினான், குழியில் அகல் எரிந்துகொண்டிருந்தது, அடியில் எண்ணெய் ஒரு முத்தாகத் திரண்டு விளிம்பைப் பார்த்து நின்றது, விளக்கைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டுப் பிளேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தான், பெட்ரோலை ஊற்றிக் கழுவினான், உப்புத்தாளால் தேய்த்தான், மறுபடி கழுவினான். எதுக்குச் சாமிகிட்ட இருந்ததக் கழுவுறாருன்னு கேளு. மச்சான், எதுக்குக் கழுவுறீங்களாம். கம்பெனி கிரீஸ் ஒட்டியிருக்கும், என்றான் நிமிராமல். நிமிர்ந்தபோது விருமாயி பழைய பிளேட்டைக் கையில் வைத்திருந்தாள், முகத்துக்குக் கிட்டே, மோந்து பார்க்கிறாளா வெறுமே பார்க்கிறாளா என்று தெரியவில்லை, அதைச் சாக்கின்மேல் வைத்துவிட்டுத் தொட்டிக்குப் போய்ச் சாம்பல் போட்டுக் கையைத் தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

புதுப் பிளேட்டை மாட்டி முடித்து அவன் மறுபடி அடியில் படுத்தான், தூக்கு, என்றான், கயிறு விறைத்தது, கியர் பாக்ஸ் பலகையை விட்டு எழுந்து அவன் நெஞ்சுக்கு மேலே வந்து நின்றது, நின்றதோடு சரி, மேலே போகவில்லை. இன்னும் கொஞ்சம், என்றான். ஏங்க, என்றாள் விருமாயி. பவளத்திடம் இல்லை, அவனிடம், அந்த ஒரு சொல்லுக்கு அவன் எத்தனை நாள் ஏங்கியிருப்பான். சீலு ஒழுகுனா எஞ்சின் ஆயிலுதான ஒழுகும், என்று கேட்டாள், நல்லெண்ணெயா ஒழுகும். இரும்பு அவன் முகத்துக்கு மேலே சுழன்றது, மொதல்ல தூக்கு, பெறகு பேசுவம், என்றான். சொல்லுங்க, எங்கையால போட்ட வெளக்குதான. மறுபடி ஒரு பொய்யைத் தேடினான், கிடைக்கவில்லை, மேலே தொங்குகிறதைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல அவனால் முடியவும் இல்லை. ஆமா, என்றான்.

கயிறு சரேலென்று இறங்கியது, அவன் கண்ணை மூடிக் கைகளை உயர்த்தினான், இரும்பின் குளிர்ச்சி உள்ளங்கையில் பட்டு அங்கேயே நின்றது, கண்ணைத் திறந்து சக்கரங்களுக்கு இடையே பார்த்தால் விருமாயியின் பாதங்கள் மண்ணைக் கீறிக்கொண்டு நடுங்குகின்றன, அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பாதங்கள், ஒன்று பதிந்து, மற்றதும் வலியோடு பதிந்து, பவளம் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். விடு புள்ள, உங்காலு, என்று அழுகிறாள் விருமாயி. எங்காலு கெடக்கு, மொதல்ல மச்சானைப் பாரு, இழு, என்கிறாள் பவளம், பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வது கேட்கிறது, அந்த வாசனைய ஆத்தான்னு நீயும் நானும் கும்புட்டமேனிக்கேதான போனோம் அன்னிக்கி, இழு அக்கா.

இழுத்தார்கள், அவன் அடியிலிருந்து தாங்கி, கிளட்ச் பிளேட்டின் பல்லுக்குள் கியர் பாக்ஸின் தண்டைத் தடவித் தடவிக் கொண்டுபோனான், ஒருமுறை மாட்டவில்லை, இரும்பைக் கொஞ்சம் திருப்பினான், டக்கென்று உள்ளே போய் உட்கார்ந்தது, கைக்கு எட்டிய போல்ட்டுகளை மூச்சுவிடாமல் முடுக்கினான். நாளைக்கி முன்சீட்டு எனக்குத்தான் மச்சான், என்றாள் பவளம். வேர்வையா கண்ணீரா என்று தெரியாமல் அவன் காதுக்குள் வழிந்தது. இப்ப விடலாம், என்றான், எல்லாம் மாட்டியாச்சு, கயித்த விடலாம். இரண்டு பேரும் விடவில்லை.