ஆறாவது பானை

குழி எங்கே வெட்டுவது என்று கேட்டு இரண்டு பேர் மண்வெட்டியோடு முற்றத்தில் நின்றபோது, என் கணவர் தாச்சுங் உள்ளே பாயில் பிணமாகக் கிடந்தார். அவருடைய தம்பி சோஜி முந்திக்கொண்டான்.

"ரோட்டோரக் கல்லறைக்குப் போங்க. அண்ணனுக்கு எழுபதுதான். ஆஸ்பத்திரிச் சீட்டுல போட்டிருக்கு."

ஆறு பன்னிரண்டு ஆண்டுகளை நிறைத்தவரைத்தான் நாங்கள் வீட்டுக் கள்ளிவேலிக்குள் புதைப்போம். மழைக்கு முன் ஆஸ்பத்திரியில் வயது கேட்ட பெண்ணிடம் இவர் எங்கள் மொழியில், எங்கள் கணக்கில்தான் சொன்னார்: ஐந்து பன்னிரண்டும் பதினொன்றும். அவள் சிரித்தாள். "முழுசா இருக்கட்டும் தாத்தா" என்று எழுபது போட்டாள். எழுபதில் என்ன முழுமை என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"அவரு வயசுப் பானைங்கள எடுத்துட்டு வர்றேன் தம்பி. நீயே பாரு."

"சனம் வெயில்ல நிக்குது அண்ணி. எண்ணணும்னா பத்துப் பத்தா எண்ணித் தொலைங்க. பன்னண்டு பன்னண்டா எண்ணினா டவுன்காரங்க சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்டா," என்றாள் பக்கத்து வீட்டு லியோப். "கைவிரலு தீந்ததும் உனக்குக் கணக்கும் தீந்துபோச்சு."

ஆண்டுதோறும் அச்சா தானியத்தில் முதல் அரிவாள் விழும் நாளில் பானைக்குள் வயதுக்கு ஒரு கல்; பன்னிரண்டு சேர்ந்தால் அந்தப் பானையை மூடிவிடுவோம். முதல் பானைக் கற்கள் அவருடைய தாய் போட்டவை; மற்றவை அவரே போட்டவை. ஐந்து பானைகளைக் கவிழ்த்து உரக்க எண்ணினேன். எல்லாவற்றிலும் பன்னிரண்டு. ஆறாவதில் பதினொன்று. அது எனக்கு முன்பே தெரியும்.

"பாத்தீங்களா? ஒண்ணு குறையுது," என்றான் சோஜி. மண்வெட்டிக்காரர்கள் சாலையை நோக்கி நடந்தார்கள்.

நான் அரிவாளை எடுத்தேன்.

"அண்ணி! பொணம் கெடக்கையில பொண்டாட்டி வேலி தாண்டக் கூடாது!"

"அவரு வெதச்சது. நான் அறுக்காம யாரு அறுப்பா?"

வேலிக்கு அப்பால் அச்சா பழுத்துத் தலை சாய்ந்திருந்தது. இன்னும் நாலு நாள் இருந்திருந்தால் அவரே இறங்கியிருப்பார். ஒரு பிடி அறுத்தேன். வரப்பிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினேன். முற்றத்துக்குத் திரும்பினேன்.

ஆறாம் பானைக் கற்களை ஒவ்வொன்றாக எண்ணி உள்ளே போட்டேன். பதினொன்றில் நிறுத்தினேன். பானையை மூடும் பன்னிரண்டாம் எண்ணை எண்ணுகிறவர் சொல்வதில்லை. இரத்த உறவு சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கல் விழும். ஐந்தாம் பானையை மூடிய அன்று இதே சோஜிதான் தெருக்கோடிவரை கேட்கக் கத்தினான். அன்று அவனுக்கு வெட்கமாக இல்லை.

புதிய கல்லைப் பானைக்கு மேலே பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தேன். அவன் கையிலிருந்த சீட்டைப் பார்த்தான். பிறகு என் கக்கத்தில் இடுக்கியிருந்த கதிரை.

"சொல்லாட்டி?"

"சொல்ற வரைக்கும் இப்படியே நிப்பேன்."

கை கடுத்தது. இறக்கவில்லை. கதிரிலிருந்து மணல் போன்ற மணிகள் என் பாதத்தில் உதிர்ந்துகொண்டிருந்தன. சோஜி சீட்டை மடித்தான். மறுபடி பிரித்தான். மண்வெட்டிக்காரர்களில் ஒருவர் சாலையிலிருந்து திரும்பி வந்து, வேலிக்கு உள்ளே மண்வெட்டியை ஊன்றி, அதன்மேல் சாய்ந்து நின்றார்.