பதினாலாம் நம்பர் எஞ்சின்

வெள்ளிக்கிழமை காலை சசிதர் வொர்க்‌ஷாப்புக்குள் வந்து, என் மேசை மேல் ஹெல்மெட்டை வைத்துவிட்டு, "அக்கா, எனக்கு ரியாஸோட இஞ்சின் வேணும்" என்றான். காலை டீ கூட இன்னும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை செட்டிபாளையம் டிராக்கில் வருஷத்தின் கடைசி ரேஸ். இரண்டு வண்டியிலும் எஞ்சினை இறக்கி மாற்றி ஏற்ற ஒரு முழு நாள் ஆகும். அதையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

சசி என் சித்தப்பா மகன். பீளமேட்டில் எங்கள் இரண்டு வீடும் எதிரெதிர் வீடு. இப்போது இருவரும் ஒரே ரேஸ் டீமில் இருக்கிறோம். அவன் ஓட்டுகிறான், நான் எஞ்சின் பார்க்கிறேன். டீமில் இரண்டே வண்டிகள். இரண்டும் ஆயிரம் சிசி, இரண்டும் மஞ்சள். இன்னொன்றை ஓட்டுபவன் முகமது ரியாஸ், உக்கடத்துக்காரன், சசியைவிட நான்கு வயது பெரியவன்.

ஐந்து வருஷமாக சூப்பர்பைக் பிரிவில் எங்கள் கம்பெனி வண்டியைத் தவிர வேறெதுவும் ஜெயித்ததில்லை. மற்ற டீம்காரர்கள் மூன்றாவது இடத்துக்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். டிக்கெட் வாங்கி வருகிற ஜனங்களும் பத்து சுற்று பார்த்துவிட்டு, பார்க்கிங்கில் நெரிசல் வருமுன் கிளம்பிவிடுகிறார்கள். எவன் ஏறி உட்கார்ந்தாலும் அந்த மஞ்சள் வண்டி ஜெயிக்கும் என்பது ஊர்ப் பேச்சு. அந்த ஐந்து வருஷப் பட்டங்களில் நான்கு ரியாஸுக்கு. இந்த வருஷத்துப் பட்டமும் போன ரேஸோடு அவன் கைக்கு வந்துவிட்டது. சசி டீமுக்கு வந்து மூன்று வருஷம், மூன்றிலும் இரண்டாமிடம். வண்டிதான் ஜெயிக்கிறது என்றால் அதே வண்டியில் இவன் ஏன் ஜெயிக்கவில்லை என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. அவன்தான் தன்னையே கேட்டுக் கேட்டு இளைத்துப்போயிருந்தான்.

கம்பெனி அவனிடம் பட்டென்று சொல்லியிருந்தது. இந்த வருஷம் பத்து ரேஸ். ஒன்றையாவது ஜெயித்தால் அடுத்த வருஷமும் வண்டி உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள். ஒன்பது முடிந்து ஒன்பதிலும் இரண்டாவதாக வந்திருந்தான். வண்டி போனால் சோற்றுக்கு வழியில்லை என்பதில்லை. சித்தப்பாவின் பம்ப் கம்பெனியில் அவன் பெயர்ப்பலகை போட்ட ஏசி அறை மூன்று வருஷமாகக் காத்திருக்கிறது. அந்த அறைக்குள் அவன் இதுவரை ஒரு நாளும் கால் வைத்ததில்லை.

"உன்னோடது நல்லாத்தான் இருக்குது சசி. கடைசி நேரத்துல எதுக்குக் கையை வெக்கோணும்?" என்றேன்.

"நல்லா இருந்தா ஒம்போது ரேஸா நான் ஏன்க்கா அவன் பின்னாடியே வாரேன்? குலுக்குன சீட்டுல எனக்கு மட்டமானது வந்துபோச்சு. அவ்வளவுதான்."

அந்தச் சீட்டைப் பற்றி இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஒவ்வொரு வருஷமும் சீசன் தொடங்குமுன் கம்பெனியிலிருந்து சீல் வைத்த இரண்டு எஞ்சின்கள் வரும். எது யாருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வது மேனேஜர் பாலகோபால் சார் கொண்டுவந்த வழக்கம். பிள்ளையார் படத்துக்குச் சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, எவர்சில்வர் தட்டில் எஞ்சின் நம்பர் எழுதிய இரண்டு சீட்டு வைப்பார். வயதில் சின்னவன் ஒன்றை எடுக்க வேண்டும். மீதி பெரியவனுக்கு என்பதால் இரண்டாவது சீட்டை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. குலுக்கலுக்கு முன்னால் எஞ்சினை டைனோவில் ஏற்றக் கூடாது என்றும் சார் சொல்லியிருந்தார். டைனோ என்பது எஞ்சினின் சக்தியை அளக்கிற மெஷின். அது என் பொறுப்பில் இருந்தது. சீட்டு எழுதி மடிப்பதும் என் பொறுப்புதான். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தது சாரின் நல்ல மனசு.

மொத்த டீமும் ஒரு கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் போயிருந்த நாளில் இரண்டு எஞ்சினையும் ஏற்றிப் பார்த்தேன். பதினோராம் நம்பரைவிடப் பதினாலாம் நம்பர் ஐந்து குதிரைசக்தி கூடுதலாகக் காட்டியது. ஒரே கம்பெனி, ஒரே வார்ப்பு, ஆனாலும் அப்படி அமைந்துவிடும். மறுநாள் இரண்டு சீட்டிலும் பதினாலு என்று எழுதினேன். சசி எடுத்தான், பதினாலு வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள். தட்டில் மீந்த சீட்டை ஒரு தேங்காய்ச் சில்லோடு சேர்த்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். இத்தனை வருஷம் வேலை பார்த்து நான் செய்த ஒரே திருட்டு அது. அதைத் தின்றே மறைத்தேன்.

ஒரு தடவையாவது அவன் ஜெயிக்கட்டும் என்றுதான் செய்தேன். நல்ல எஞ்சினைக் கொடுத்தும் அவன் இரண்டாவதாகவே வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு ரேஸ் முடிவிலும் எனக்குத்தான் குற்றம் செய்தவளுக்குரிய பயமும், செய்தும் பலனில்லையே என்ற எரிச்சலும் சேர்ந்து வரும். இப்போது அவனே வந்து அந்த எஞ்சினைத் தூக்கி ரியாஸிடம் கொடு என்கிறான்.

டீமுக்குள் வருஷத்துக்கு ஒரு முறை எஞ்சின் மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு. பாலகோபால் சார் ரியாஸைக் கூப்பிட்டுக் கேட்டார். ரியாஸ் சசியைப் பார்த்து, "வேண்டாமே சசி" என்றான். அதுதான் வினையாகிப்போனது. அதுவரை சசிக்குச் சந்தேகம் மட்டும் இருந்தது, அந்த ஒரு வார்த்தையில் உறுதியாகிவிட்டது. "பாத்தியாக்கா, தர மாட்டேங்கறான். நீயும் அவன் பக்கந்தானா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். ரியாஸ் சம்மதத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

அப்போதே நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் வேலை போகும். வேலையைப் பற்றிக் கவலைப்படவில்லை என்று எழுதினால் அது பொய், அதற்கும்தான் பயந்தேன். ஆனால் அதைவிடப் பெரிய பயம் இன்னொன்று. வருஷம் முழுக்க நல்ல எஞ்சின் உன்னிடம்தான் இருந்தது, அப்படியும் நீ தோற்றாய் என்று கடைசி ரேஸுக்கு இரண்டு நாள் முன்னால் ஒருவனிடம் எப்படிச் சொல்வது? சாயங்காலம் ஏழு மணிக்குள் இரண்டையும் மாற்றி முடித்தேன். பதினொன்றை அவன் வண்டியில் ஏற்றி போல்ட்டை முறுக்கும்போது, சசி பக்கத்தில் நின்று அதைப் புது மாப்பிள்ளை போலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை செட்டிபாளையத்தில் பயிற்சி ஓட்டம் முடிந்ததும் ரியாஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். கையுறையைக் கழற்றாமலே பேசினான்.

"பதினாலு நல்லா இழுக்குதுங்கக்கா."

"ம்."

"எனக்கு மொத ரேஸ்லயே தெரியுமுங்க. நேரா போற எடத்துல சசி ரெண்டு வண்டி தூரம் தள்ளிப் போயிருவான். அவனும் நானும் ஒரே எடை, ஒரே கியரு. அப்பறம் வேற என்னங்க இருக்கும்?"

"தெரிஞ்சும் ஏன் சொல்லல ரியாஸ்?"

"ஊரே வண்டிதான் ஜெயிக்குதுங்குது. எங்க ஊட்லயும் அதே பேச்சுதானுங்க. நல்ல இஞ்சின் என்கிட்ட இல்ல, அப்பிடியும் ஜெயிக்கறேன்னு எனக்கு மட்டும் தெரியும். வெளிய சொல்லிப்போட்டா அது போயிருமில்லீங்க?" என்றான். பிறகு, "நாளைக்கு ஜெயிச்சா அதுல எனக்கு என்னங்க இருக்குது? இவன் எதுக்கு இதைக் கேட்டான்?" என்றான்.

அவன் குரலில் கோபம் இருந்தது. சீட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பதினைந்து சுற்று. நான் டிராக்கை ஒட்டிய சுவரோரம் லேப்டாப்போடு நின்றேன். சசி அன்று ஓட்டியதைப் போல நான் பார்த்ததே இல்லை. நல்ல எஞ்சின் காலடியில் வந்துவிட்டது என்ற நம்பிக்கையில், வழக்கமாகப் பிரேக் போடுகிற இடங்களைத் தாண்டித் தாண்டிப் போட்டான். முதல் மூன்று சுற்றும் அவன்தான் முன்னால். நேராகப் போகும் இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ரியாஸ் நெருங்கி வந்தான். நான்காவது சுற்றில் அங்கேதான் தாண்டினான், எந்தச் சிரமமும் இல்லாமல். சசி விடவில்லை. வளைவு வளைவாகப் பிடித்தான், நேர்ப்பாதையில் விட்டான். கடைசியில் ரியாஸ் மூன்று செகண்ட் முன்னால் முடித்தான். மூன்றாவது வந்த பச்சை வண்டி முடிக்கும்போது கேலரியில் பாதிப் பேர் இல்லை.

சசி வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். நான் எதிர்பார்த்தது அழுகை. பல மாசமாக அவன் முகத்தில் இல்லாத ஒரு தெளிவு இருந்தது.

"தெரிஞ்சுபோச்சுக்கா. இஞ்சின்ல ஒண்ணுமே இல்ல. அவனோடதுல ஏறியும் மூணு செகண்டு. முன்னெல்லாம் ஒண்ணு, ஒண்ணரையிலதான் தோப்பேன். அவன்தான் ரைடர், நான் இல்ல. நாளைக்கே அப்பாகிட்ட கம்பெனிக்கு வாரேன்னு சொல்லிப்போடறேன். நிம்மதியா இருக்குது."

தண்ணி பாட்டிலை வாங்கித் தலையில் ஊற்றிக்கொண்டான். அவன் நிம்மதியாகவே இருக்கட்டும் என்று விட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் என் எதிரே லேப்டாப்பில் அவனுடைய சுற்று நேரங்கள் இருந்தன. ஜூலையில் இதே டிராக்கில், பதினாலாம் நம்பர் எஞ்சினில், அவன் ஓட்டிய மிக வேகமான சுற்று ஒரு நிமிஷம் மூன்று புள்ளி ஒன்பது செகண்ட். இன்று ஒரு நிமிஷம் மூன்று புள்ளி ஐந்து. ஐந்து குதிரைசக்தி குறைந்த எஞ்சினில். அவன் வாழ்க்கையில் மிக நன்றாக வண்டி ஓட்டிய நாளில், தனக்கு ஓட்டத் தெரியாது என்று முடிவு செய்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கிறான். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"சசி, நீ இன்னைக்கு ஓட்டுனதுதான் மட்டமான இஞ்சின்" என்றேன்.

டைனோவில் ஏற்றியது, இரண்டு சீட்டிலும் பதினாலு எழுதியது, மென்று விழுங்கியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். லேப்டாப்பைத் திருப்பி நேரங்களைக் காட்டினேன். அவன் ஜூலை எண்ணையும் இன்றைய எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். காது மடல் மட்டும் சிவந்துகொண்டே வந்தது. என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"அப்ப ஒம்போது ரேஸும் நல்லது என்கிட்டத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"இன்னைக்குத்தான் ஒழுங்கா ஓட்டியிருக்கேன்."

"ஆமா சசி."

"உன்னை யாருக்கா இதைச் செய்யச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. பாலகோபால் சாரிடம் நாளை காலை நானே போய்ச் சொல்ல வேண்டும் என்று அந்த நிமிஷத்தில் முடிவு செய்தேன். அதையும் அவனிடம் சொன்னேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை.

"ரியாஸுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொத ரேஸ்ல இருந்து."

சசி துண்டை என் லேப்டாப் மேலேயே போட்டுவிட்டு நடந்தான். வண்டிகள் நிற்கும் கொட்டகைக்கு அந்தப் பக்கம், பழைய டயர்கள் அடுக்கிவைத்த இடத்தில் ரியாஸ் தனியாக உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தான். ஹெல்மெட்டைத் தரையில் வைத்திருந்தான். இவன் போய் எதிரே நின்றதும் அவன் ஸ்ட்ராவை வாயிலிருந்து எடுத்தான். சசி ஏதோ கேட்டான். ரியாஸ் ஏதோ சொன்னான், நீளமாகச் சொல்லவில்லை. மைக்கில் பரிசளிப்புக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேர் பெயரையும் இரண்டாம் முறையாகக் கூப்பிட்டார்கள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ரியாஸ் டயர் மேல் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டான். சசி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.